மாமனாருக்கு ஒரு புட்சுதான்: அசகுசா கடை அனுபவம்

டோக்கியோவில் கின்சா லைனில் இனாரிச்சோ, தவாரமாச்சி என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள். இரண்டுக்கும் நடுவே, அசகுசா சாலையில், வரிசையாகப் புட்சுதான் கடைகள். நம் ஊரில் பாத்திரக்கடைத் தெரு மாதிரி இது இறந்தவர்களுக்கான சாமான் தெரு. கடைகள் பெரும்பாலும் சாலையின் தென்புறத்தில் வடக்குப் பார்த்து இருக்கும். நேர் வெயில் பட்டால் மரமும் அரக்குப் பூச்சும் வீணாகிவிடும் என்பது காரணம்.

புட்சுதான் என்பது வீட்டுக்குள் வைக்கிற மரக் கோயில். கதவைத் திறந்தால் நடுவில் புத்தர், அவருக்குக் கீழே இறந்தவரின் இஹாய், அதாவது பெயர்ப் பலகை. அப்புறம் விளக்கு, ஊதுபத்திக் கிண்ணம், மணி, பூ, சோறு, தண்ணீர். மாமனார் 2024 மார்ச் 19-ஆம் தேதி காலமானார். டோக்கியோவுக்கு வெளியே கவகோயே ஊரில் இருக்கும் மாமியாரின் சின்ன ஃபிளாட்டுக்கு ஒரு புட்சுதான் வாங்கத்தான் ஏப்ரலில் நானும் மனைவியும் மாமியாரும் அந்தத் தெருவுக்குப் போனோம்.

நான் பயந்துகொண்டேதான் போனேன். காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மனைவி சாப்ஸ்டிக்கில் நீட்டிய மீன் துண்டை என் சாப்ஸ்டிக்கால் வாங்கினேன். மேஜையே அமைதியாகிவிட்டது. ஏன் என்று மனைவி அப்போதே சொன்னாள். ஆனால் அது உண்மையில் உறைத்தது அந்த மார்ச் மாதம், சுடுகாட்டு ஹாலில்தான். எரித்த பிறகு வரும் எலும்புகளைக் குடும்பத்தார் சேர்ந்து சாப்ஸ்டிக்கால் எடுத்துக் கலசத்தில் போடுகிறார்கள். கால் எலும்பில் தொடங்கி மேலே போக வேண்டும், கலசத்துக்குள் அவர் தலைகீழாக நிற்கக் கூடாதாம். சாப்ஸ்டிக்கிலிருந்து சாப்ஸ்டிக்குக்கு ஒன்றைக் கைமாற்றுவது அந்த ஒரு இடத்துக்கு மட்டுமே உரியது.

சரி, கடைக்கு வருவோம். முதல் இரண்டு கடைகளில் கோட் போட்ட இளைஞர்கள் நேராக விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதில் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெரியவர். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தப் பிரிவு, எந்தக் கோயில் என்றார். சோதோ ஜென் என்று மாமியார் சொன்னதும், அப்படியானால் நடுவில் ஷாக்யமுனி, அதாவது கௌதம புத்தர் என்று ஒரு படத்தை எடுத்து வைத்தார். ஜோதோ ஷின் பிரிவாக இருந்தால் அமிதாபர் என்கிற இன்னொரு புத்தர்தான் வருவார், இஹாயே பொதுவாக வைக்க மாட்டார்கள் என்று என்னைப் பார்த்து விளக்கினார். அடுத்த கேள்வி, வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம்? அதற்கு அடுத்தது, தினமும் கதவைத் திறந்து சோறு வைக்கப் போவது யார், அவர் உயரம் என்ன? மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, கை எட்டுகிற உயரத்தை டேப்பால் அளந்தார். எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனது அப்போதுதான்.

தங்கத் தகடு பதித்த பெரிய புட்சுதான்களும் கருங்காலியில் செய்தவையும் அங்கே இருந்தன. பார்க்க அழகு, ஆனால் ஃபிளாட்டுக்குத் தாங்காது. டிராயர் மேசை மேல் வைக்கும் 45 சென்டிமீட்டர் வால்நட் மாடலை 1,38,000 யெனுக்கு எடுத்தோம். கதவு மூடினால் சாதாரண அலமாரி மாதிரிதான் தெரியும். உள்ளே எல்.இ.டி. விளக்கு உண்டு. அந்த வெள்ளை வெளிச்சம் பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, அது ஒரு குறை. மாமியார் அதைப் போடுவதே இல்லை.

மணி வாங்கியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரின் என்கிற அந்தக் கிண்ண மணியைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கை கூப்புவார்கள். பெரியவர் ஏழு மணிகளைக் குஷன் மேல் வரிசையாக வைத்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டி, ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததற்குப் போனார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் வேறு வாடிக்கையாளர்கள் வந்து நின்றார்கள், பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சத்தமான, என் காதுக்குக் கொஞ்சம் கரகரப்பாகப் பட்ட ஐந்தாவது மணியை மாமியார் எடுத்தார். இன்னொன்று இனிமையாக இருந்ததே என்றாள் மனைவி. “அவருக்குக் காது மந்தம். இதுதான் கேட்கும்” என்றார் மாமியார்.

ஊதுபத்தியில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன். ஜப்பான் பத்தியில் நடுவே மூங்கில் குச்சி கிடையாது. முழுக்க வாசனைப் பொடிதான், பென்சில் முள் மாதிரி உடையும். சாம்பல் நிரப்பிய கிண்ணத்தில் நட்டால் சாம்பல் மட்டம் வரை எரிந்து அணையும். நாட்டில் பெரும்பங்கு பத்தி தயாராவது அவாஜித் தீவில். பெரியவர் ஒரு பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். சந்தனம். “ரோசான், உங்கள் நாட்டு மரம்” என்றார். மைசூர்ப் பக்கத்துச் சந்தனத்துக்கு இங்கே அப்படி ஒரு தனிப் பெயர், தனி மரியாதை. எனக்குச் சந்தனம் என்றால் முதலில் ஞாபகம் வருவது வீரப்பன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. 4,400 யென் கொடுத்து வாங்கினேன். ஒரு குச்சி அரை மணி நேரம் போல எரிகிறது, புகை குறைவு, அறைக்குள் கண் எரியவில்லை. இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு மேல் மதிப்புள்ள பொருள் இதுதான்.

இனி குறை. இஹாய்க்கு எழுத்துப் பொறிக்க இரண்டு வாரம் ஆகும். அது 49-ஆம் நாளுக்குள் கையில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதுவரை இருக்கும் வெள்ளை மரப் பலகையைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு, அரக்குப் பலகைக்குத் துறவி மந்திரம் சொல்லிக் கண் திறக்கும் நாள் அது. இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் எங்களுக்கு மே 6 வந்தது. உறவினர் வசதிக்காக நாளை முன்னே நகர்த்தலாம், பின்னே தள்ளக் கூடாது என்பார்கள். மே 3 விடுமுறை நாள் என்பதால் அன்றைக்கே வைத்துக்கொண்டோம்.

கடையிலிருந்து வந்த மாதிரித் தாளில் வயது 77 என்று இருந்தது. படிவத்தில் அப்படி எழுதியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். 1946 நவம்பரில் பிறந்தவர், கணக்கு சரிதானே? ஆனால் கோயிலில் கொடுத்த சீட்டில் 79. பழைய ஜப்பானியக் கணக்கில் பிறந்த உடனே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். நம் நடப்பு வயதுக் கணக்கையும் மிஞ்சிவிடும். அந்தச் சீட்டின் நகல் கடையிடமே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. மாமியார் கவனித்ததால் பிழைத்தோம். திருத்த மூன்று நாள் கூடுதலாகி, பலகை ஏப்ரல் 30 அன்றுதான் வந்தது. கூடுதல் காசு கேட்கவில்லை, மன்னிப்பு மட்டும் நிறையக் கேட்டார்கள். இஹாய் எழுதக் கொடுக்கிறவர்கள் மாதிரித் தாளைக் கோயில் சீட்டோடு வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஆகஸ்டில் ஓபோன் வந்தது, இறந்தவர்களின் ஆவி வீட்டுக்கு வந்து போகும் பண்டிகை. 49-ஆம் நாள் முடிந்த பிறகு வரும் முதல் ஓபோனுக்குத் தனிச் சிறப்பு, நம் தலைத்திவசம் மாதிரி. டோக்கியோ நகரத்தில் ஜூலையிலேயே முடித்துவிடுகிறார்கள். கவகோயே வீட்டில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. திரும்பவும் அதே கடைக்குப் போனோம். இந்த முறை ஓர் இளம் விற்பனையாளர், படம் ஓடிச் சுழலும் மின்சார விளக்கு ஜோடியை 28,000 யெனுக்குத் தலையில் கட்டப் பார்த்தார். முதல் ஓபோனுக்கு வேண்டியது வெள்ளைக் காகித விளக்கு ஒன்றுதான். வழி தெரியாமல் வருகிற புது ஆளுக்கு அடையாளம் அது. ஒரே தடவைதான் பயன்படும், அப்புறம் கோயிலில் கொடுத்து எரித்துவிடலாம். 5,500 யெனோடு நிறுத்திக்கொண்டோம்.

வைக்கோலில் செய்த குதிரையும் மாடும் 3,800 யென். வாங்காதீர்கள். வெள்ளரிக்காய் ஒன்று, கத்தரிக்காய் ஒன்று, உடைத்த மரச் சாப்ஸ்டிக் எட்டுத் துண்டு, இவ்வளவுதான். ஆவி சீக்கிரம் வந்து சேர வெள்ளரிக் குதிரை, ஆறஅமரத் திரும்பிப்போகக் கத்தரி மாடு. நம் வீட்டில் படையல் போட்டுக் காக்காவுக்குக் காத்திருப்போம், இவர்கள் வாகனமே அனுப்பிவிடுகிறார்கள். நான் செய்த மாடு முன்னால் சாய்ந்து மூக்கால் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

கல்லா பக்கத்தில் கண்ணில் பட்டு வாங்கியது ஒன்று: கமேயாமா கம்பெனியின் பீர் மக் மெழுகுவர்த்தி. இறந்தவருக்குப் பிடித்த தின்பண்டம், பானம் வடிவங்களிலேயே அவர்கள் ஒரு வரிசை போடுகிறார்கள், சூஷிகூட உண்டு. விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கிறதே, மாமியார் என்ன நினைப்பாரோ என்று தயங்கினேன். மாமனார் தினம் இரவு ஒரு பாட்டில் குடிக்கிறவர். 13-ஆம் தேதி மாலை மாமியாரே அதை ஏற்றினார். நுரையின் நடுவில் குழி விழுந்து, மஞ்சள் மெழுகு கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, போதும் என்று கையால் விசிறி அணைத்தார். வாயால் ஊதக் கூடாது. என் அம்மாவும் காமாட்சி விளக்கை ஊத விடமாட்டார். மூன்று நாள், நாளுக்கு ஐந்து நிமிடம், பாதி மக் இன்னும் மிச்சம் இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவு இப்போதுதான் கடைப்பிடிக்கிறார் என்றார் மாமியார்.

போகிறவர்களுக்கு: தவாரமாச்சியில் இறங்குங்கள். வார நாள் காலையில் போனால் பெரியவர்கள் கடையில் இருப்பார்கள், நின்று பேச நேரம் இருக்கும். பிரிவின் பெயர், கோயில் சீட்டு, வைக்கப்போகும் இடத்தின் அளவு மூன்றும் கையில் இருக்கட்டும். செப்டம்பரில் ஹிகன் என்கிற, முன்னோரை நினைக்கும் வாரம் வருகிறது, கல்லறையைக் கழுவப் போக வேண்டும். சந்தனப் பத்தி தீரப்போகிறது, இரண்டு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் மாமியார். சூஷி மெழுகுவர்த்தி வேண்டாமாம், சூஷியில் வைக்கிற வசாபிக் காரம் மாமனாருக்கு ஆகாது.