மெர்பாவ் மரம் என்று காசு வாங்கிவிட்டு பால்மரத்தை (ரப்பர் மரம்) ஒட்டிவிட்டுப் போனார்கள்: 9,600 வெள்ளி போச்சு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் தரைப்பலகை போட 9,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஹாலும் அம்மா அறையும் சேர்த்து 400 சதுர அடி, அடிக்கு 24 வெள்ளி. பாதி என் ஊழியர் சேமநிதியில் எடுத்தது, மீதி அம்மா அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தரைக்கு எந்த மரம் வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். அம்மா இங்கே பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். இப்போது முட்டி இரண்டும் போய்விட்டது. விடியற்காலையில் சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் குளிர் இடுப்பு வரை ஏறுகிறது என்பார். பலகை போட்டுவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. மனு கொடுக்கப் போகிறேன், அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தரைப்பலகையும் விற்று, ஆள் அனுப்பிப் பொருத்தியும் கொடுக்கும் கடை. முகநூலில் விளம்பரம் வரும். போன் போட்டால் வீட்டுக்கே வந்து அளவெடுப்பார்கள். இவ்வளவு போதும்.

வந்தவர் நம்ம ஆள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, எங்கம்மாவும் தோட்டத்து ஆளுதான், பிரட்டுக்குப் போன காலு"ன்னு ஆரம்பித்தார் (பிரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு). அம்மா அங்கேயே அவர் பேச்சில் விழுந்துவிட்டார். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட்டு, முறுக்கு எடுத்து வைத்து, எந்தத் தோட்டம், எந்த தண்டல் (மேற்பார்வையாளர்) என்று அரை மணி நேரம் போனது.

அப்புறம் பையிலிருந்து மாதிரிக் கட்டைகளை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றையும் பற்றி நன்றாகவே பேசினார், அதை மறுக்க மாட்டேன். கெம்பாஸ் கெட்டி, விலை குறைவு, ஆனால் கரையானுக்குப் பிடிக்கும், கீழ்வீட்டுக்கு வேண்டாம் என்றார். பாலாவ் கனம், வெளித்திண்ணைக்கும் தாங்கும் என்றார். செங்கால் என்றதும் அம்மா, "செங்கல்லா? செங்கல்லுக்கு எதுக்குப்பா இவ்வளவு விலை?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம். திரெங்கானுவில் படகு கட்டும் மரம் அம்மா அது, உங்க ஹாலுக்கு அவ்வளவு தேவையில்லை என்றார். விலை கூடியதை அவரே வேண்டாம் என்று சொன்னதும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

"உங்களுக்கு மெர்பாவ்தான் சரி. 2019-ல நம்ம நாட்டு தேசிய மரமா அறிவிச்சது இதைத்தான். நம்பலன்னா இப்பவே காட்டுறேன்" என்று சொல்லி, ஒரு கட்டையின் ஓரத்தைக் கத்தியால் சீவி, அந்தச் சீவலை ஒரு கிளாஸ் வெந்நீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அம்மா போட்ட தே ஓ நிறத்துக்கு வந்துவிட்டது. "மெர்பாவ்தான் இப்படிச் சாயம் விடும் அம்மா." கட்டையின் துளைகளில் மஞ்சளாகப் பொடி இருப்பதையும் காட்டினார். அதுவும் மெர்பாவின் அடையாளம்தான், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் காட்டியது அசல். அதுதான் வித்தையே. "இதை நீங்களே வச்சுக்குங்க" என்று அந்தக் கட்டையை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைச் சூடான சட்டி இறக்கி வைக்க வைத்துக்கொண்டார்.

அடிக்கு 25 என்றால் 10,000. முழுப்பணத்தையும் முன்கூட்டியே போட்டுவிட்டால் அடிக்கு 24, மொத்தம் 9,600. 400 வெள்ளி மிச்சம் பிடிக்கிற புத்திசாலி நான். அன்று ராத்திரியே போட்டுவிட்டேன். ரசீது புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தது. படித்துப் பார்த்தேனா? பார்த்தேன். மெர்பாவ் என்ற சொல் இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

பலகை போட்ட இரண்டு நாளும் நான் ஈப்போவில் வேலையில். வந்த மூன்று பேரும் சிமெண்டின்மேல் பசையைப் பூசி நேராக ஒட்டியிருக்கிறார்கள். அடியில் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு இல்லை. பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது, மரம் ஊதினால் நகர ஒரு விரற்கடை இடம்கூட விடவில்லை. மேலே நல்ல பளபளப்பு, கருஞ்சிவப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

ஏழு வாரம். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொண்டு நடுவில் குழி விழ ஆரம்பித்தது. அப்புறம் அலமாரிக்கு அடியில் முகப்பவுடர் கொட்டின மாதிரி வெள்ளைப் பொடி. கூட்டினால் மறுநாள் திரும்பவும் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். புதுப் பலகை உளுத்துக்கொண்டிருக்கிறது!

அன்றைக்குத்தான் அம்மா பின்கட்டிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். வேலைக்காரர்கள் அறுத்துப் போட்ட துண்டுகளை விறகுக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறார். ஒரு துண்டைப் பாராங் கத்தியால் ஒரே போடு. மேலே நகம் கனத்துக்குச் சிவப்புச் சாயம், உள்ளே பால் வெள்ளை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏண்டி, இது பால்மரம்டி. லயத்துல முப்பது வருஷம் இதைத்தான் அடுப்புல வச்சேன். எனக்குத் தெரியாதா?" என்றார்.

சட்டி இறக்கி வைத்த மாதிரிக் கட்டையை எடுத்து, அதே அளவுக்கு ஒரு துண்டை அறுத்து, இரண்டையும் சமையல் தராசில் வைத்தேன். மாதிரி 402 கிராம். எங்கள் தரை 291 கிராம். வெந்நீரிலும் போட்டேன். வெட்டின பக்கத்திலிருந்து ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை.

பால்மரத்தை நான் கேவலமாகச் சொல்லவில்லை. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்த மரத்தை மறுநடவுக்கு வெட்டி, மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டின கையோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நீலம் பூக்கும், வண்டு விழும். ஈரம் ஏறும் கீழ்த்தரையில், மருந்தும் சரியாக ஏறாத பால்மரத்தை மெர்பாவ் விலைக்கு ஒட்டினால் அதற்கு என்ன பெயர்?

போன் போட்டேன். முதல் தடவை: "ஈரத் துணி போட்டுத் துடைச்சீங்களா அக்கா?" இரண்டாம் தடவை: "மரம்னா மூச்சு விடும் அக்கா, ஆறு மாசம் பாருங்க." மூன்றாம் தடவை ஒரு பெண், மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். அந்த மீட்டிங் ஒன்பது நாள் நடந்தது. படம் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. அம்மா என்று கூப்பிட்டவரின் எண் இப்போது மணியே அடிப்பதில்லை.

இன்று காலை விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அந்த ஆள் எங்கள் ஊழியர் இல்லை, கமிஷன் ஏஜென்ட் என்றார்கள். ரசீதைக் காட்டினேன். கல்லாவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். "சாலிட் ஹார்ட்வுட், மெர்பாவ் கலர்." கலர்! "மெர்பாவ்னு நாங்க எங்க எழுதினோம் அக்கா? பால்மரமும் ஹார்ட்வுட்தானே?"

கொடுமை என்னவென்றால் அவர் சொன்னதில் பொய் இல்லை. மர ஆலையில் வேலை செய்த மாமா விளக்கினார். "ஹார்ட்வுட்னா கெட்டியான மரம்னு அர்த்தம் இல்ல பாப்பா. அகல இலை மரம் எல்லாமே ஹார்ட்வுட்தான், பால்மரம், இலவமரம் உட்பட." 9,600 வெள்ளிக்கு நான் வாங்கியது ஒரு நிறத்தை.

எந்த மரம் வாங்கலாம் என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் மரத்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும், பக்கத்தில் கலர், ஃபினிஷ், டைப் என்று ஒட்டுச்சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாதிரியைப் பார்த்து மயங்காமல், இறக்கின பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உங்கள் கண் முன்னால் குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள், கனத்தையும் பாருங்கள். மெர்பாவ் காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 800 கிலோவைச் சுற்றி வரும், பால்மரம் 560 முதல் 640 கிலோதான். கீழ்வீடு என்றால் பிளாஸ்டிக் விரிப்பு போடாமல் ஒரு பலகைகூட ஒட்ட விடாதீர்கள். முழுப்பணத்தை முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்குத் துண்டை அனுப்பினால் என்ன மரம் என்று சோதித்துச் சொல்வார்கள். என்னுடையது நாளைக்குப் போகிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பாரத்தை நிரப்பிவிட்டேன். கேட்கும் தொகை என்ற இடத்தில் 9,600 என்று எழுதியிருக்கிறேன், ஆதாரத்தில் இரண்டு கட்டைத்துண்டு. மாதிரிக் கட்டையைக் கொடுக்கத்தான் அம்மாவுக்கு மனசில்லை. சட்டி இறக்கி வைக்க வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.