பொருந்தும் என்றுதான் சொன்னார்கள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் கூரைக்குப் படகு லோடர், அதாவது படகைக் கூரைமேல் ஏற்றி இறக்கும் சாதனம், வாங்கும் யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தது கூரை அமுங்கிய பிறகு.

என்னுடையது மூன்றரை மீட்டர் நீள அலுமினியப் படகு. இவ்வளவு நாளும் மச்சினனுடைய டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு போனோம். வண்டிக்குப் பின்னால் கேம்பர், அதாவது படுத்துத் தங்குகிற இழுவை வண்டி, மாட்ட ஆரம்பித்ததும் டிரெய்லருக்கு இடமில்லாமல் போனது. படகு டாப்புக்குத்தான் போயாக வேண்டும். தனியாளாக எழுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்குகிற வயதும் எனக்கு இல்லை. சரி, எலக்ட்ரிக் வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார், வைத்த லோடராக ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

கடையில் என்னைக் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. என்ன வண்டி? படகு எத்தனை மீட்டர்? எடையைக் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் எதையாவது இழுப்பீர்களா என்று கேட்கவில்லை. பழைய வண்டிகளின் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓட ஒரு காடி இருக்குமே, அது என் வண்டியில் உண்டா என்றும் கேட்கவில்லை. கடைக்காரர் பட்டியலைப் புரட்டினார், "உங்க வண்டிக்கு இது கச்சிதமா பொருந்தும் சார்" என்றார். வின்ச் 900 கிலோ இழுக்கும் என்றார். எழுபது கிலோ படகுக்கு 900 கிலோ வின்ச்! எனக்கும் அந்தக் கணக்கு இனித்தது.

டெமோவும் காட்டினார்கள். அவர்கள் வண்டி, அவர்கள் படகு. ஸ்விட்சை அமுக்கியதும் படகு வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. அந்த வண்டியின் கூரையில் காடி இருந்தது, கூரையின் குறுக்கே போட்ட கம்பிகளின் கால்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்தப் படகில் சீட்டும் இல்லை, தரைப்பலகையும் இல்லை. இதெல்லாம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. "படகு கொஞ்சம் நீளம் சார், இன்னொரு பார் போட்டுக்கங்க, பயமே இல்லை" என்று மூன்றாவது குறுக்குக் கம்பி ஒன்றையும் தலையில் கட்டினார்கள்.

லோடர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. எனக்கு விற்றது பின்பக்கமாக ஏற்றும் வகை. கூரையின் பின் கம்பியில் ஓர் உருளை, முன் கம்பியில் வின்ச். படகைக் கவிழ்த்துப் போட்டு, அணியத்தை, அதாவது முன்மூக்கை, உருளைமேல் தூக்கி வைத்துக் கயிற்றை மாட்ட வேண்டும். படகின் பின்முனை சின்னச் சக்கரங்களில் தரையில் நிற்கும். வின்ச் இழுக்க இழுக்கப் படகு உருளைமேல் ஊர்ந்து ஏறும். பாதிக்கு மேல் வந்ததும் சீசா பலகை மாதிரி முன்பக்கம் சாய்ந்து கூரையில் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சாயும் நொடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பின்முனை தரையை விட்டுவிட்டது. முன்முனை இன்னும் முன் கம்பியைத் தொடவில்லை. படகின் முழு எடையும் பின்னாலிருக்கும் ஒரே கம்பியில், அந்தக் கம்பியின் இரண்டு கால்களில். மூன்று கம்பி போட்டாலும் முப்பது போட்டாலும் அப்போது பாரம் சுமப்பது ஒன்றுதான். காடி இல்லாத கூரையில் அந்தக் கால்கள் உட்கார்ந்திருப்பது கதவுக்கு மேலே உள்ள மெல்லிய தகட்டு விளிம்பில்.

பொருத்திய அன்று வெறும் கயிற்றை உள்ளே வெளியே ஓட்டிக் காட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படகை மாட்டினேன். ஓர் அடி ஏறியது, அப்புறம் வின்ச் முனக ஆரம்பித்தது. இன்னும் ஓர் அடி. வயரைத் தொட்டேன், கை சுட்டது. எலக்ட்ரிஷியன் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "யாருய்யா இதுக்கு ரெண்டரை ஸ்கொயர் போட்டது?" என்றார். கணக்கையும் அவரே போட்டார். பேட்டரியிலிருந்து கூரையின் முன்பக்கம் போக 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர். வின்ச் 60 ஆம்பியர் எடுக்கும்போது, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் மோட்டாருக்கு மிஞ்சுவது ஒன்பதுக்கும் குறைவு. அதுவே 16 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அரை வோல்ட்தான் போகும். அதைவிட மோசம், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸே இல்லை. வயர் எங்கேயாவது உரசி வண்டியின் தகட்டில் பட்டிருந்தால் வண்டியே தீப்பிடித்திருக்கும். படகு ஏறவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் வயிறு கலங்கியது.

வயரை என் செலவில் மாற்றினேன். ஃப்யூஸ் வைத்தேன். படகு ஏறியது. சாய்ந்து முன் கம்பியில் 'தொம்' என்று விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதல் பயணத்தில் அடுத்த ஞானோதயம். பின்பக்கமாக ஏற்றுகிற லோடருக்கு வண்டியின் பின்னால் படகு நீளத்துக்கு இடம் வேண்டும். அங்கே கேம்பர் நிற்கிறது. இறக்குகிற ஒவ்வொரு முறையும் கேம்பரைக் கழற்று, வண்டியை முன்னால் நகர்த்து, படகை இறக்கு. கிளம்பும்போது எல்லாம் தலைகீழாக. பின்னால் இழுவை இருப்பவர்களுக்குப் பக்கவாட்டில் ஏற்றும் வகைதான் சரி. படகை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து மேலே தூக்கிப் புரட்டும் அது. என்ன, அதன் சொந்த எடை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். கடையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உருளை நீட்டிக்கொண்டு நிற்பதால் என் வண்டியின் டிக்கிக் கதவும் பாதிதான் திறக்கிறது. அதை இங்கே பெரிதாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தினமும் எரிச்சல் மூட்டுவது அதுதான்.

இறக்குவது தனிக் கூத்து. வின்ச் கயிற்றை விடத்தான் செய்யும், படகைத் தள்ளாது. நாம்தான் கையால் பின்னுக்குத் தள்ள வேண்டும். சாயும் இடத்தைத் தாண்டியதும் பின்பக்கம் சடாரென்று கீழே போகும். அந்த நேரத்தில் பின்னால் யாராவது நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டெமோவில் ஏற்றிக் காட்டினார்களே தவிர இறக்கிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழையில் பின் சீட்டு நனைந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், பின் கம்பியின் இரண்டு கால்களுக்கும் கீழே தகடு உள்வாங்கிக் கிடக்கிறது. விரல் வைத்தால் பள்ளம் தெரிகிறது. கதவு ரப்பர் அந்த இடத்தில் சரியாக உட்காரவில்லை. அன்று ராத்திரிதான் கையேட்டைத் திறந்தேன். என் வண்டியின் கூரைக்கு, ஓடும்போது, 80 கிலோ. கம்பியும் ரேக்கும் சேர்த்துத்தான் அந்த 80.

வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினில் படகை நிறுத்தேன். முழுப் படகும் அதில் நிற்காது. ஒரு முனையை மெஷினில் வைத்து, மறுமுனைக்கு அதே உயரத்தில் கட்டை வைத்துவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். அப்புறம் முனையை மாற்றி இன்னொரு தடவை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. எனக்கு 41, 33. ஆக 74 கிலோ. படகுக் கம்பெனியின் தாளில் 58 என்று இருந்தது, அது வெறும் ஓட்டின் எடை. சீட்டும் தரைப்பலகையும் சேர்ந்தால் ஏறத்தானே செய்யும். பிறகு லோடரைக் கழற்றி நிறுத்தேன். உருளை, சட்டம், வின்ச் எல்லாம் சேர்த்து 34. மூன்று கம்பியும் கால்களும் 17. படகு ஏறும் முன்பே 51 கிலோ போய்விட்டது. மிச்சம் 29. அதற்கு ஒரு காற்றடைக்கிற ரப்பர் படகு வேண்டுமானால் வைக்கலாம். நான் சுமந்துகொண்டு ஓடியது 125 கிலோ.

கடைக்குப் போனேன். கம்பியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "பார் 100 கிலோ தாங்கும் சார்" என்றார். பார் தாங்கும், கூரை தாங்குமா? கம்பிக்கு ஒரு வரம்பு, வண்டிக்கு ஒரு வரம்பு, எது குறைவோ அதுதான் கணக்கு. மண் சாலையில் ஓட்டினால் கம்பி தாங்குகிற எடையிலும் மூன்றில் இரண்டு பங்குதான் ஏற்றலாம் என்று ரேக் செய்பவர்களே சொல்வதுண்டு. மூன்றாவது கம்பி பாரத்தைப் பரப்புமே தவிர வண்டியின் வரம்பை ஒரு கிராம்கூடக் கூட்டாது. எனக்கு அது தன் எடையையும் சேர்த்ததுதான் மிச்சம். கூரைமேல் கூடாரம் போட்டு இரண்டு பேர் படுக்கிறார்களே என்றும் கேட்டார். அது நிற்கிற வண்டி. ஓடுகிற வண்டியில் பிரேக்கும் பள்ளமும் வளைவும் சேர்ந்து அதே எடையைப் பெருக்கும். அதனால்தான் இரண்டுக்கும் வேறு வேறு எண்.

கடைசியில் அவர் சொன்னது: "சார், உங்க வண்டிக்கு பொருந்தும்னுதான் சொன்னோம். தாங்கும்னு சொல்லலியே. எவ்வளவு ஏத்தணும்ங்கிறது உங்க பொறுப்பு." வாரண்டித் தாளின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், அதேதான் இருக்கிறது.

அந்த 900 கிலோவுக்கும் ஒரு கதை உண்டு. கயிறு சுற்றிக்கொள்ளும் டிரம்மில் ஒரே அடுக்கு கயிறு இருக்கும்போது இழுக்கிற இழுவை அது. அடுக்கு ஏற ஏறக் குறையும். சில கம்பெனிகள் சக்கரத்தில் உருளும் பாரத்தை இழுக்கிற எண்ணை இன்னும் பெரிதாகப் போடுவார்கள். எப்படியும் வின்ச் எத்தனை கிலோ இழுக்கும் என்பதற்கும் உங்கள் கூரைக்கும் சம்பந்தமே இல்லை. கை வின்ச் போதும் என்பவர்கள் பிரேக் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ராட்செட் (பின்னால் சுழலாமல் பூட்டும் பல்சக்கரம்) என்றால் இறக்கும்போது பூட்டை எடுத்த உடனே கைப்பிடி சுழன்று மணிக்கட்டைப் பெயர்த்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் வண்டியில், உங்கள் படகை, ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். லோடரின் சொந்த எடையை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரக் கூரைக்குள் ஏர்பேக் இருக்கிற வண்டியில் துளை போட விடாதீர்கள்.

இப்போதைய நிலவரம்: வின்ச்சை மட்டும் கழிவு போக எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். உருளையும் சட்டமும் திரும்ப வாங்க மாட்டார்களாம், பயன்படுத்திவிட்டோமாம். இன்ஷூரன்ஸில் கேட்ட முதல் கேள்வியே கூரையில் எத்தனை கிலோ இருந்தது என்பதுதான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், மூன்று படங்களோடு: கையேட்டின் பக்கம், மெஷினில் படகு நிற்கும் எண், கூரைப் பள்ளத்தில் என் விரல். மூன்று வாரம் ஆகிறது. பதில் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.