லைக்கும் சப்குவெரியும் சேர்ந்தால் போஸ்ட்கிரெஸ்தான்

ஒரு டேபிளில் பொருள்களின் பெயர்கள், இன்னொன்றில் தேட வேண்டிய சொற்கள். எந்தப் பெயரில் அந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று வருகிறதோ அதை மட்டும் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு நான் தயங்காமல் சொல்வது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான்.

எழுத்துகள் பொருந்துகிறதா என்று பார்க்கும் லைக்குக்கு (LIKE) வலப்பக்கம் சப்குவெரியை (குவெரிக்குள் இன்னொரு குவெரி) அப்படியே போட்டால் அது ஒரே ஒரு மதிப்பைத்தான் எதிர்பார்க்கும். ஒன்றுக்கு மேல் வந்தால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் எரர் காட்டி நின்றுவிடும், அது நல்லதுதான், ஏனென்றால் எஸ்கியூலைட் முதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடிவிடும், ரிசல்ட் பாதிதான் என்பது யாருக்கும் தெரியாது.

போஸ்ட்கிரெஸில் 'லைக் எனி' (LIKE ANY) போட்டு, சொல்லின் இரண்டு பக்கமும் இரட்டைச் செங்குத்துக் கோட்டால் (||) % (எது வந்தாலும் பொருந்தும் குறி) ஒட்டிய சப்குவெரியை அடைப்புக்குள் கொடுத்தால் முடிந்தது. மைஎஸ்கியூஎல்லில் இது கிடையாது. அங்கே எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரிசை ஒன்றாவது உண்டா என்று பார்ப்பது) போட்டு, ஸ்ட்ரிங்குகளை இணைக்கும் கான்கேட் வைத்து % ஒட்ட வேண்டும்; பழக்கதோஷத்தில் இரட்டைச் செங்குத்துக் கோடு போட்டால் அது அங்கே 'அல்லது' என்று பொருள்படும். எக்ஸிஸ்ட்ஸும் அருமையான வழிதான், இரண்டு டேபிளையும் இணைக்கும் ஜாயினில் வருவதுபோல மூன்று சொல் பொருந்திய பெயர் மூன்று முறை வராது.

வேகம்? இரண்டு பக்கமும் % இருந்தால் தேடலை வேகமாக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவாது. போஸ்ட்கிரெஸுடன் கூடவே வரும், சொற்களை மூன்றெழுத்துத் துண்டுகளாக வைத்துத் தேடும் பிஜி_டிஆர்ஜிஎம் (pg_trgm) எக்ஸ்டென்ஷனைப் போட்டு ஜின் (GIN) வகை இண்டெக்ஸ் கட்டினால் லைக்குக்கும் இண்டெக்ஸ் பயன்படும், 9.1 பதிப்பிலிருந்தே உண்டு. இரண்டெழுத்துச் சொற்களுக்குப் பலன் இல்லை.

சொல் டேபிளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு காலி ஸ்ட்ரிங் இருந்தாலும் அது '%%' ஆகி எல்லாப் பெயரையும் அள்ளிக்கொண்டு வரும். எந்தச் சொல்லும் வராத பெயர்களை எடுக்க 'நாட் லைக் ஆல்' எழுதும்போது மதிப்பே இல்லாத ஒரு நல் (NULL) கலந்திருந்தால் நேர்மாறு, ஒரு வரிசைகூட வராது.

அப்புறம் தமிழ் டேட்டா. லைக்கில் கீழ்க்கோடு (_) ஓர் எழுத்துக்குப் பொருந்தும் என்பது கோட் பாயிண்ட் (யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் உள்ள தனி எண்) கணக்கு, 'கி'க்கு இரண்டு கீழ்க்கோடு வேண்டும். '%கல%' என்று தேடினால் கல், கலை, கல்வி எல்லாமே வரும். 'கொ'வின் துணைக்குறி ஒரே கோட் பாயிண்டாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், லைக்குக்கு வேறு வேறு. போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் வந்த, இப்படிப்பட்ட வடிவங்களை ஒரே மாதிரி ஆக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனை இரண்டு டேபிளிலும் டேட்டாவைச் சேமிக்கும்போதே போட்டுவிடுங்கள்.