பிளாரன்ஸ் அரைநாள் சுற்றுலா: பாலத்துக்குக் காசு கொடுக்கலாம்

கீழக்கரையில் நகைக்கடை வைத்திருக்கிறேன். இத்தாலியில் இருக்கும் மகன், பிளாரன்ஸில் வழிகாட்டியோடு ஒரு அரைநாள் சுற்றுலா பதிவு செய்து கொடுத்தான். பேராலயத்தை வெளியே நிறுத்திக் காட்டினார்கள். குவிமாடத்தின் 463 படிக்குத் தனிச் சீட்டாம். என் முட்டிக்கு அதுவே நல்லது.

பொன்டே வெக்கியோ பாலத்தில்தான் மனசு நின்றது. 1345இல் கட்டியது. மேலே இருந்த இறைச்சிக் கடைகளைக் கிளப்பிவிட்டு 1593இல் பொற்கொல்லர்களை உட்கார வைத்தாராம் அந்த ஊர் ஆட்சியாளர். அடைத்திருந்த ஒரு கடையின் மரக்கதவைத் தொட்டுப் பார்த்தேன். இரும்புப் பட்டை அடித்து, எங்கள் உம்மா வீட்டுப் பெட்டகம் மாதிரியே இருந்தது. வழிகாட்டியம்மா பொறுமையாக விளக்கினார், அவர் பேச்சைக் கேட்க எங்களுக்குக் கொடுத்த காதுக்கருவிதான் கொரகொரவென்றது.

அப்புறம் குன்று. மணல்மேட்டுக்கு மேல் மேடு பார்க்காத ஊர்க்காரன் நான். மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தில் நின்று ஆர்னோ ஆற்றையும் ஓட்டுக்கூரைகளையும் பார்த்தபோது வாய் திறந்தபடி நின்றேன். இருபது நிமிடத்தில் வேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் மேலே உள்ள சான் மினியாத்தோ ஆலயம் கண்ணில் பட்டதோடு சரி. நகரப் பேருந்தே அந்தச் சதுக்கத்துக்குப் போகிறது. பாலத்தை வழிகாட்டியோடு பாருங்கள், குன்றுக்குச் சாயங்காலம் தனியாகப் போங்கள்.