வெல்டிங் லைன் போடக் கொடுப்பவர்கள் கவனம்: இரண்டு முனையிலும் தடித்த வயர், பைப்புக்குள் மெல்லிய வயர்

கொழும்பில் வீட்டோடு சின்னப் பட்டறை வைத்து, வெல்டிங் மெஷினுக்குத் தனி லைன் போடப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எனக்கு வேலை செய்த வயரிங் பாஸ் (மின்வேலைக்காரர்) காசிலும் ஏமாற்றினார், வீட்டையும் தீப்பிடிக்கும் நிலையில் விட்டுப் போனார்.

கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் கேட், கிரில் வேலை செய்கிறேன். புது இன்வேட்டர் மெஷினின் தகட்டில் உச்ச மின்னோட்டம் 32 அம்பியர், வேலை நேரம் 25 சதவீதம் (பத்து நிமிடத்தில் இரண்டரை நிமிடமே வெல்டிங், மீதி ஓய்வு), அந்த ஓய்வையும் கணக்கில் எடுத்தால் பயன்படும் மின்னோட்டம் 16 அம்பியர் என்று இருக்கிறது. மெயின் போர்டிலிருந்து பட்டறைக்கு ஏறக்குறைய 20 மீற்றர். 7/1.04 வயர் (1.04 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை), அதாவது 6 சதுர மில்லிமீற்றர், 32 அம்பியர் பிரேக்கர் என்று பேசி முடித்தோம். பில்லிலும் 7/1.04 என்றே எழுதித் தந்தார்.

மெஷினைப் போட்டவுடனேயே பிரேக்கர் விழுந்தது, அதாவது தானாக மின்சாரத்தை வெட்டியது. அவர் வந்து 63 அம்பியர் பிரேக்கரை மாட்டினார். வீட்டு இணைப்பே 30 அம்பியர், இது எப்படிச் சரி என்று கேட்டேன். "வெல்டிங்குக்கு இப்படித்தான் அண்ணா, பெரிசு போட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லி, போனில் ஒரு அமெரிக்க வீடியோவையும் காட்டினார்.

அது முழுப் பிழை. அவர் முதலில் போட்டது பி வகை பிரேக்கர். அது தன் அளவின் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்துக்கே உடனடியாக விழும். இன்வேட்டர் மெஷின் சுவிட்ச் போடும் கணத்தில் அவ்வளவு இழுக்கும். அதே 32 அம்பியரில் 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும் சி வகையைப் போட்டாலே போதும். அம்பியரைக் கூட்டக் கூடாது, ஏனென்றால் பிரேக்கர் காப்பது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. அமெரிக்காவில் வெல்டருக்கு மட்டுமான லைனில் வயர் தாங்கும் அளவின் இரு மடங்கு வரை பிரேக்கர் போட விதி இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் இங்கே பின்பற்றுவது பிரித்தானிய முறை. அதில் பிரேக்கர் வயரின் அளவைத் தாண்டக் கூடாது.

அப்புறம்தான் பெரிய விஷயம். ஆர்க் (வெல்டிங் தீப்பொறி) சரியாகப் பிடிக்கவில்லை, நடுவிலிருந்த ஜங்ஷன் பொக்ஸ் கைவைக்க முடியாமல் சுட்டது. மெயினை நிறுத்திவிட்டுத் திறந்தேன். போர்டுப் பக்கமும் சொக்கெட் பக்கமும் கொஞ்ச நீளத்துக்கு மட்டும் 7/1.04. நடுவில் முழுக்க வேறு வயர், முறுக்கி டேப் சுற்றிய மூட்டுகள், டேப் உருகிக் கறுத்திருந்தது. இரண்டிலும் ஏழு இழைதான், எண்ணினால் தெரியாது. வேர்னியர் அளவுகோல் வைத்து ஓர் இழையின் தடிப்பை அளந்தேன்: 0.67 மில்லிமீற்றர். அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்.

பைப்புக்குள் 30 பாகை வெப்பத்தில் 2.5 வயர் தாங்குவது 24 அம்பியர், 4 வயர் 32, 6 வயர் 41. தகரக் கூரைக்குக் கீழே வெக்கை 40 பாகை என்றால் அவை முறையே 21, 28, 36 ஆகக் குறையும். ஆகவே 32 பிரேக்கருக்கு 4 வயர்கூட அங்கே போதாது. 16 அம்பியர்தானே, 2.5 தாங்குமே என்று அவர் பிறகு வாதாடினார். ஓய்வு விட்டு வேலை செய்து, 20 அம்பியர் பிரேக்கரும் போட்டிருந்தால் அது பேசக்கூடிய கதை. 63 பிரேக்கரோடு 2.5 வயர் என்றால் வயர் எரிந்தாலும் பிரேக்கர் அசையாது. அமெரிக்க இரு மடங்குக் கணக்கிலும் 63 வராது. 32 அம்பியர் ஓடும்போது 20 மீற்றரில் 2.5 வயர் 11 வோல்ட்டுக்கு மேல் தின்னும், 6 வயர் 5 வோல்ட்டுக்கும் குறைவு. ஆர்க் தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் பிடுங்கி, தகைமைச் சான்றிதழ் உள்ள வேறொருவரைக் கொண்டு மூட்டில்லாத 6 வயர், சி வகை 32, நீல நிற 32 அம்பியர் இன்டஸ்ட்ரியல் சொக்கெட், சரியான எர்த் என்று மாற்றிவிட்டேன். 13 அம்பியர் ப்ளக்கில் இந்த மெஷினைக் குத்தவே வேண்டாம், அதன் பியூஸே 13தான். முதலாமவர் இப்போது போன் எடுப்பதில்லை. பில்லையும் கருகிய வயரின் படங்களையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடப் போகிறேன், இலக்கம் 1977.

வயரைத் தானே வாங்கி வருவதாக ஒருவர் அடம்பிடித்தால் விடாதீர்கள். நீங்களே புறக்கோட்டைக்குப் போய் எஸ்எல்எஸ் (இலங்கைத் தரச்) முத்திரை பார்த்து முழுச் சுருளாக வாங்குங்கள். வயரைப் பைப்புக்குள் இழுக்கும் நேரம் பக்கத்தில் நில்லுங்கள், காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு பொக்ஸையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.