ஓப்பன்கோர் பூட்லோடர்: கடலோர ஊரில் அசெம்பிள் மேக் போடுவோருக்கு

கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் வேலைக்கு மேக்ஓஎஸ் வேண்டும், ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கப் பட்ஜெட் இடம் தராது என்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு, சாதாரண அசெம்பிள் பிசியிலும் மேக்ஓஎஸ்ஸைத் துவக்கிவைக்கும் ஓப்பன்கோரைத் தயங்காமல் சொல்லலாம். 2019இல் வந்த இந்த இலவச பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் துவக்கிவிடும் சாஃப்ட்வேர்), அதற்கு முன் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த க்ளோவர் என்ற பூட்லோடரைவிடப் பல மடங்கு ஒழுங்கானது. எந்த இடத்தில் நின்றது என்று திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. ஆனால் பார்ட்ஸ் தப்பாக வாங்கிவிட்டால் எந்த பூட்லோடராலும் காப்பாற்ற முடியாது.

ஆப்பிளின் லைசென்ஸ் விதி மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டுமே அனுமதிக்கிறது. தொழிலுக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இன்டெல் ப்ராசஸருக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு 2025இல் வந்த டஹோ 26. அதனால் இதற்கென்று புதிதாகப் பெரிய செலவு செய்யாதீர்கள். கையில் இருக்கும் மெஷினோ நல்ல செகண்ட் ஹேண்டோ போதும்.

இன்டெல்லின் 10ஆம் தலைமுறை ஐ5 10400 ப்ராசஸர், 400 வரிசை மதர்போர்டு, 16 ஜிபி ராம். மெஷின் எந்த ஆப்பிள் மாடல் என்று மேக்ஓஎஸ்ஸிடம் சொல்ல ஓப்பன்கோரில் ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும். இந்தக் கூட்டணிக்கு ஐமேக் 20,1 என்ற அடையாளம் அப்படியே பொருந்தும். பில் போடும்போது ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. மேக் ப்ரோ 7,1 அடையாளத்துக்கு மாற வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். என்விடியாவின் புதிய கார்டு எதுவும் ஓடாது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் நல்லவை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியும் 7000 வரிசையும் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் 580 வாங்கினால், கடையிலேயே விண்டோஸில் டிவைஸ் ஐடியைப் பார்த்துவிடுங்கள். 67டிஎஃப் என்றால் அசல் 580. 6எஃப்டிஎஃப் என்றால் அது 2048எஸ்பி என்ற குறைந்த திறன் 580, மேக்ஓஎஸ் தானாக அதை அடையாளம் காணாது. 6600க்கு, ஓப்பன்கோரின் பூட் ஆர்க்யூமென்டில் (துவங்கும்போது தரும் கட்டளை வரியில்) agdpmod=pikera என்பதைச் சேர்க்காவிட்டால் கறுப்புத் திரைதான்.

இன்ஸ்டாலுக்கு 4 ஜிபி பென்டிரைவ் போதும். எஃப்ஏடி32இல் ஃபார்மேட் செய்து, ஆப்பிளின் ரிகவரி ஃபைலும், ஓப்பன்கோர் இருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரும் போட்டால், மீதி 12 ஜிபிக்கு மேல் நெட்டில் இறங்கும். அதனால் வைஃபையை நம்பாமல் லேன் கேபிளைச் செருகுங்கள். விண்டோஸ் இருந்த டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் 100 எம்பிதான் இருக்கும். மேக் 200 எம்பி கேட்கும். மேக்கின் டிஸ்க் யுடிலிட்டி ஃபார்மேட் செய்ய மறுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இனி, மெஷின் நிற்கும் இடங்கள். துவங்கும் ஒவ்வொரு படியையும் திரையில் எழுதிக் காட்டும் வெர்போஸ் மோடில் வரிகள் ஓடி, 'எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்' என்ற வரியோடு உறைந்தால், பயோஸ் கையிலிருந்து கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கைக்குப் பொறுப்பு மாறும் நேரத்தில் மெமரி மேப் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஓப்பன்கோரின் செட்டிங்குகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில், 10ஆம் தலைமுறைக்கு ரீபில்ட் ஆப்பிள் மெமரி மேப், சிங்க் ரன்டைம் பெர்மிஷன்ஸ், டீவர்ச்சுவலைஸ் எம்எம்ஐஓ மூன்றும் ஆன். எனேபிள் ரைட் அன்ப்ரொடெக்டர் ஆஃப். அப்படியும் அங்கேயே நின்றால் பயோஸில் சிஎஃப்ஜி லாக் என்ற செட்டிங்கைப் பாருங்கள், அது ஆஃபில் இருக்க வேண்டும். அணைக்க வழியில்லாத போர்டு என்றால் கான்ஃபிக் ஃபைலில் ஆப்பிள் எக்ஸ்சிபிஎம் சிஎஃப்ஜி லாக்கை ஆன் செய்யுங்கள்.

பாதியில் வட்டத்துக்குள் கோடு போட்ட குறி வந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி கோளாறு. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் மேக்ஓஎஸ் ஏற்கும், நீல நிற போர்ட் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்காகும். ஆறு நீல போர்ட் 12, கறுப்பு போர்ட் இரண்டு, புளூடூத் ஒன்று: கோட்டா முடிந்தது. மேக்ஓஎஸ் 11.3க்குப் பிறகு வரம்பைத் தூக்கும் பழைய தந்திரமும் வேலை செய்வதில்லை. விண்டோஸில் யூஎஸ்பி டூல்பாக்ஸ் என்ற கருவியைத் திறந்து, ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு 2.0, ஒரு 3.0 பென்டிரைவைச் செருகி எடுத்து, வேண்டாததைக் கழித்து மேப் செய்யுங்கள். புளூடூத்தின் டைப்பை 255 (உள்ளே பொருத்திய போர்ட்) என்று போடுங்கள். இல்லையென்றால் ஸ்லீப்புக்குப் போன மெஷின் உடனே விழித்துக்கொள்ளும்.

நம் ஊருக்கே உரிய பிரச்சினை உப்புக்காற்று. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ராம் கான்டாக்ட் மங்கிப்போய், வேளைக்கொரு விதமாக கெர்னல் பேனிக் (ஓஎஸ் திடீரென்று நின்றுபோவது) வரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியில் நின்றால் கான்ஃபிக் ஃபைலைத் தொடாதீர்கள். ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்க நிறப் பட்டையை மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மெஷின் பூட் ஆகாவிட்டால், மதர்போர்டில் பயோஸ் செட்டிங்கைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். பயோஸ் ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பி, நாம் அணைத்து வைத்த சிஎஸ்எம்மும் (பழைய முறை பூட்) சிஎஃப்ஜி லாக்கும் மறுபடி ஆன் ஆகியிருக்கலாம். மேக்ஓஎஸ்ஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பயோஸ் ரீசெட் ஆனால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள். கான்ஃபிக் ஃபைலில் டிசேபிள் ஆர்டிசி செக்சம் ஆன் செய்தால் சரியாகும்.

ஓப்பன்கோரின் குறை, அதன் கான்ஃபிக் ஃபைல் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. புதிய பூட்லோடருக்குப் பழைய கான்ஃபிக்கை வைத்தால் 'நோ ஸ்கீமா' என்று பூட் ஆரம்பத்திலேயே திட்டும். கூடவே தரும் ஓசி வேலிடேட் கருவியை ஓட்டினால் எந்த வரி தப்பு என்று சொல்லிவிடும். இதற்குப் பயந்து சிலர் யாரோ போட்ட இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே காப்பி செய்கிறார்கள். அதிலிருக்கும் சீரியல் நம்பர் பலர் மெஷினில் இருந்தால் ஐமெசேஜ் லாகின் நடக்காது. ஜென் எஸ்எம்பயோஸ் என்ற கருவியில் உங்களுக்கென்று ஒரு சீரியல் நம்பர் உருவாக்கி, ஆப்பிள் தளத்தில் சோதியுங்கள். 'செல்லாத எண்' என்று வந்தால்தான் அது பயன்படுத்தத் தகுந்த எண்.

டஹோவில் ஆப்பிள் பழைய ஆடியோ டிரைவரை நீக்கிவிட்டது. சத்தத்துக்கு வழக்கமாகப் போடும் ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட்டை (மேக்ஓஎஸ் டிரைவர் ஃபைல்) மட்டும் போட்டால் சத்தம் வராது. எடிட்டிங் வேலை இருப்பவர்கள் டஹோவுக்கு முந்தைய பதிப்பான செக்கோயாவிலேயே நில்லுங்கள். அப்டேட் கொடுக்கும் முன் பூட்லோடரையும் கெக்ஸ்ட்களையும் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து, அதிலிருந்து ஒரு தடவை பூட் செய்து பார்த்துவிட்டு, கேபினெட்மேல் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.