பனியன் கம்பெனியில் கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ்: விளக்குகளுக்காகவே வாங்கலாம்

திருப்பூர் காங்கயம் சாலைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா, கைரேகை மெஷின் எல்லாம் என் பொறுப்பு. இதையெல்லாம் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கப் போனால் விலையும் வேகமும் எனக்கு அப்புறம்தான், முதலில் முகப்பு விளக்குகளைப் பார்ப்பேன். கண்டெய்னர் ஏற்றும் நாளில் பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் வரவில்லை என்றால் உட்கார்ந்து ஆராய நேரம் ஏது? ஸ்விட்ச் மாட்டிய ராக் முன்னால் போய் நின்றதும் கோளாறு எந்தப் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் எந்தத் துளையில், என்று தெரிய வேண்டும்.

அந்த விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி தந்தது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ், 24 போர்ட் கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட் வேகம்) மாடல். இப்போது புதிதாக விற்பனையில் இல்லை. கோவை காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்டாக எடுத்தேன்.

இடது ஓரத்தில் 'மோட்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் விளக்கு ஒன்றுதான், ஆனால் இந்தப் பட்டனை அழுத்த அழுத்த அது சொல்லும் சேதி மாறும். சாதாரணமாக இருப்பது 'ஸ்டேட்' நிலை. அதில் பச்சை நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது, சிமிட்டினால் டேட்டா போய்வருகிறது. ஆரஞ்சு எரிந்தால் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை இன்னும் திறந்துவிடவில்லை. பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி வந்தால் பிழையான டேட்டா வருகிறது. நிட்டிங் மெஷின் பவர் கேபிளோடு ஒட்டி ஓடிய ஒரு லைனில் இப்படித்தான் வந்தது. லைனைத் தள்ளி இழுத்ததும் ஆரஞ்சு போய், விளக்கு பச்சைக்கே வந்துவிட்டது.

ஆரஞ்சைப் பார்த்துப் பலரும் பதறுகிறார்கள். கேபிளைச் செருகியதும் எங்கேயாவது லூப், அதாவது டேட்டா சுற்றிச் சுற்றி வரும் வட்டப் பாதை, இருக்கிறதா என்று ஸ்விட்ச் சோதிக்கும். அதற்கு 30 வினாடி வரை ஆகும், அதுவரை ஆரஞ்சுதான். பொறுக்காமல் பிடுங்கிச் செருகினால் சோதனை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கம்ப்யூட்டர் மட்டும் இருக்கும் போர்ட்டுகளுக்கு 'போர்ட்ஃபாஸ்ட்' என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டால் இந்தக் காத்திருப்பு இல்லை.

ஆரஞ்சு அணையவே இல்லை என்றால் தேட வேண்டியதுதான். ஒருமுறை பேக்கிங்கில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்சுக்கு யாரோ இரண்டாவது கேபிளையும் இங்கிருந்தே இழுத்துவிட்டார்கள். சிஸ்கோ ஒரு போர்ட்டை ஆரஞ்சில் நிறுத்தி அடைத்துவிட்டது, வேலை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. லூப் சோதனை இல்லாத சாதா ஸ்விட்ச்சாக இருந்திருந்தால் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடத்து, மொத்த நெட்வொர்க்கும் படுத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்பீடு' நிலை. கட்டிங் பிரிவில் மார்க்கர் (துணி வெட்டும் வரைபடம்) போடும் தங்கச்சி ஒருநாள் வந்து, "ஏனுங்கண்ணா, ஃபைல் திறக்கறதுக்குள்ள டீயே குடிச்சிட்டு வந்தர்லாம் போலீங்க" என்றது. ஸ்டேட் நிலையில் அந்தப் போர்ட் பச்சைதான். ஸ்பீடுக்கு மாற்றினேன். இந்த நிலையில் சிமிட்டுவதுதான் கிகாபிட், நிலையாக எரிந்தால் 100 மெகாபிட், அணைந்திருந்தால் 10. மற்றதெல்லாம் சிமிட்ட, அது மட்டும் ஆடாமல் எரிந்தது. கேபிளில் ஒரு ஜோடி அறுந்திருந்தது. கிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். அதனால்தான் இணைப்பு அறாமல் வேகம் மட்டும் விழுந்திருக்கிறது. முனையை வெட்டிப் புதிய பின்னை கிரிம்ப் செய்ததும் (அழுத்திப் பொருத்தியதும்) சிமிட்ட ஆரம்பித்தது.

ஒரு கம்பெனி விளக்கின் பொருளை இன்னொரு கம்பெனி ஸ்விட்ச்சில் தேடாதீர்கள். மேசையில் வைக்கும் எட்டுப் போர்ட் ஸ்விட்ச்சுகள் பலவற்றில் பச்சை என்றால் கிகாபிட், ஆரஞ்சு என்றால் 100 அல்லது அதற்கும் கீழே. சிலவற்றில் போர்ட்டுக்கு இரண்டு விளக்கு, இரண்டும் எரிந்தால்தான் கிகாபிட். மேனுவலில் அந்த ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ராக் கதவில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, எதில் பச்சை எரிந்தாலும் அது கேபிளின் இரு முனைக்கும் பேச்சு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஐபி முகவரி சரியா, இன்டர்நெட் வருகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

குறை என்றால், ஃபேன் சத்தம் உண்டு, அதோடு பஞ்சையும் இழுக்கும். நம் ஊர் கம்பெனிகளில் அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். செட்டிங் மாற்றக் கமாண்ட் தெரிந்த ஆள் வேண்டும். நாலு கம்ப்யூட்டர் வைத்த சின்ன ஆபீசுக்கு இது தேவையே இல்லை.

பழையது வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே கரண்ட் கொடுத்துப் பாருங்கள். ஸ்விட்ச்சின் மொத்த நிலையைக் காட்டும் 'சிஸ்ட்' விளக்கு சில நிமிடம் சிமிட்டி, பிறகு நிலையான பச்சைக்கு வர வேண்டும். ஆரஞ்சில் நின்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் ஒரு லேப்டாப்பும் நல்ல கேபிளும் வைத்து 24 போர்ட்டையும் ஒவ்வொன்றாகச் செருகி, ஸ்பீடு நிலையில் எல்லாம் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். நல்ல கடைக்காரர் அவசரப்படுத்த மாட்டார்.